உங்கள் பெயரில் பிடிவாரண்டு இருக்கிறதா? தெரிந்துகொள்ள வழி உண்டு

நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். ஊறுகாய் ஜாடி வாங்க வருகிறவர் எவரும் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். சரக்கைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த நாம், நம் பெயரைத் தட்டிப் பார்க்கிறோமா? எந்த ஊர்க் கோர்ட்டிலாவது நம் மீது ஒரு வழக்கு ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறதா, அதில் வாரண்டு பிறந்திருக்கிறதா என்று என்றைக்காவது பார்த்தது உண்டா? இல்லை என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருக்கும். அதனால் வந்த சங்கடம் ஒன்றைச் சொல்லி, பிறகு வழிமுறைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி

மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர் ஒருவர். பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி, கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காவலர் ஒருவர் கடைக்கு வந்தார். பழகிய முகம்தான். "அண்ணாச்சி, உங்க பேருக்கு ஒரு வாரண்டு வந்திருக்கு. கடையைச் சாத்திட்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்துடுங்க" என்றார். கடை நிறைய வாடிக்கையாளர்கள். அண்ணாச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பது வருடத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசற்படி மிதிக்காதவர்.

விஷயம் இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தெற்கே ஓர் ஊரிலுள்ள வத்தல் மண்டியில் கடனுக்குச் சரக்கு எடுக்கும்போது, உத்தரவாதத்துக்கு என்று தேதி போடாமல் ஒரு செக்கைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். பாக்கி முழுவதையும் பிறகு தவணைகளில் தீர்த்துவிட்டார். செக்கைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார். மண்டிப் பங்காளிகள் பிரிந்தார்கள். ஒருவர் கைக்கு அந்தச் செக் போயிற்று. அவர் தேதியும் தொகையும் எழுதி வங்கியில் போட்டார். அண்ணாச்சி அந்தக் கணக்கை முடித்து வேறு வங்கிக்கு மாறியிருந்ததால் செக் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் பழைய கடை முகவரிக்குப் போயிற்று. கடை மாறி இரண்டு வருடமாகிவிட்டபடியால் நோட்டீஸ் திரும்பிப் போயிற்று. பின்னால் வந்த சம்மனும் அப்படியே. முதலில் ஜாமீனில் விடத்தக்க வாரண்டு, அதன் பிறகு ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்டு. பழைய முகவரியைத் தேடி வந்த காவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு மணி நேரத்தில் புதுக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். தபாலுக்குக் கிடைக்காத முகவரி வாரண்டுக்குக் கிடைத்துவிட்டது!

அன்றிரவே உள்ளூர் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தப்பட்டு, பக்கத்து வெல்லக்கடைக்காரரும் இன்னொருவரும் ஜாமீன் கொடுக்க வீடு திரும்பினார். மறுநாள் வக்கீல் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஊர்க் கோர்ட்டின் பெயரையும் அண்ணாச்சியின் பெயரையும் தட்டினார். வழக்கு எண், தாக்கல் தேதி, ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்தது எல்லாம் வரிசையாக வந்தது. எட்டு வாய்தாக்கள்! எட்டு முறை அவர் பெயர் கூப்பிடப்பட்டிருக்கிறது. எட்டு முறையும் அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவில் ஏறியிருக்கிறது. பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கவில்லை.

இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

செக் வழக்கு ஏன் வெளியூரில் வருகிறது?

செக் திரும்பினால் அது குற்றம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் செக் வைத்திருப்பவர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. கட்டாவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்யலாம்.

எந்தக் கோர்ட்டில்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2015-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, செக்கை வாங்கியவர் அதைத் தம் கணக்கில் போட்டு வசூலிக்க முயன்றிருந்தால், அவருடைய கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் வழக்கு. விருத்தாசலத்து வியாபாரி குண்டூர் மிளகாய் மண்டிக்குச் செக் கொடுத்தால் வழக்கு குண்டூரில் வரலாம். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்குக் கொடுத்தால் ஈரோட்டில் வரலாம். நம் ஊர்க் கோர்ட் வாசலில் ஒட்டிய பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.

சம்மனை விரைவுத் தபாலிலோ கோர்ட் அனுமதித்த கூரியரிலோ அனுப்பலாம் என்று அதே சட்டத்தின் 144-ஆம் பிரிவு இடம் தருகிறது. நாம் வாங்க மறுத்ததாகத் தபால்காரர் எழுதிவிட்டால், சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். "வக்கீல் கவர் வந்தால் வாங்காதே" என்று கடைப் பையனுக்குச் சொல்லி வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. அது கெட்டிக்காரத்தனம் அல்ல. வாங்காத கவருக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

வாரண்டு என்பது என்ன?

கோர்ட் பிறப்பிக்கும் பிடிவாரண்டு எழுத்தில் இருக்க வேண்டும். நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 72-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. வாரண்டைப் பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது அது நிறைவேற்றப்படும் வரை, வாரண்டு உயிரோடுதான் இருக்கும். "மூன்று வருடமாகிவிட்டது, காலாவதி ஆகியிருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பருப்புக்குத்தான் காலாவதி தேதி உண்டு, வாரண்டுக்கு இல்லை.

இருவகை வாரண்டு உண்டு. ஜாமீனில் விடத்தக்க வாரண்டில், இன்ன தொகைக்கு ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று கோர்ட்டே எழுதியிருக்கும். அந்த ஜாமீனைக் காவல் துறையினரிடமே எழுதிக் கொடுத்துவிட்டுக் குறித்த நாளில் கோர்ட்டுக்குப் போகலாம். ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்டில் அந்தக் குறிப்பு இருக்காது. கைது செய்து மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். சம்மன், பிறகு ஜாமீனில் விடத்தக்க வாரண்டு, அதற்கும் வராவிட்டால்தான் மற்றது என்ற வரிசையை வற்புறுத்தி உச்ச நீதிமன்றம் 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் தீர்ப்புரைத்தது. புகாரின் பேரில் நடக்கும் வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது வாரண்டு கூடாது என்பது அதன் சாரம்.

பதிவில் தேடுவது எப்படி?

நாடு முழுவதும் மாவட்ட, தாலுகா கோர்ட் வழக்கு விவரங்கள் "ஈகோர்ட்ஸ்" என்ற அரசு வலைத்தளத்தில் இருக்கின்றன. அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் உண்டு. கட்டணம் கிடையாது. யாருடைய அனுமதியும் வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

முதலில் மாநிலம், பிறகு மாவட்டம், பிறகு கோர்ட் வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மவர்களுக்குத் தமிழ்நாடு, கடலூர், விருத்தாசலம். அதன் பின் "கட்சிக்காரர் பெயர்" என்ற பகுதியில் பெயரையும், வழக்குப் பதிவான ஆண்டையும் கொடுத்து, நிலுவை வழக்கா முடிந்த வழக்கா என்று குறிக்க வேண்டும். திரையில் காணும் எழுத்துகளை அப்படியே தட்டினால் பட்டியல் வரும். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாள எண் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுமுறை அந்த எண்ணை மட்டும் போட்டு நேரே வழக்கைப் பார்க்கலாம். வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்று, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். சம்மன் அனுப்பப்பட்டதா, வாரண்டு போடப்பட்டதா என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று. பெயர் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கும். சண்முகம், கிருஷ்ணமூர்த்தி போன்ற பெயர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுவதும், இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்ப்பதும் நல்லது.

இரண்டு. கடையின் பெயரிலும் தேட வேண்டும். "ஸ்டோர்ஸ்", "டிரேடர்ஸ்", "அண்டு கோ" என்று பலகையில் இருக்கும் பெயரிலேயே வழக்குப் போட்டிருப்பார்கள். பங்குதாரர் இருந்தால் அவர் பெயரிலும் பார்க்க வேண்டும்.

மூன்று. இந்தத் தேடல் ஒவ்வொரு கோர்ட் வளாகத்துக்கும் தனித்தனி. விருத்தாசலத்தில் இல்லை என்றால் வேறெங்கும் இல்லை என்று பொருள் அல்ல. கடந்த சில ஆண்டுகளில் எந்தெந்த ஊர்ச் சரக்குக்குச் செக் கொடுத்தீர்களோ, அந்த ஊர்களை ஒரு தாளில் எழுதுங்கள். சேலம், ஈரோடு, விருதுநகர், சென்னை என்று பத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்திலும் பாருங்கள்.

நான்கு. அதே பெயருடையவர் பலர் இருப்பார்கள். பெயரைக் கண்டவுடன் பதற வேண்டாம். வழக்குப் போட்டவர் யார் என்று பாருங்கள். உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர் என்றால் அது வேறொருவராக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் வக்கீல் மூலம் கட்டைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து. திரையில் காண்பது தகவல்தான், சான்று ஆகாது. உத்தரவின் நகல் வேண்டுமானால் அந்தக் கோர்ட்டில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் பெற வேண்டும்.

போலீஸ் பதிவு செய்த வழக்கு பற்றி அறியவும் வழி உண்டு. முதல் தகவல் அறிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரகசியம் காக்க வேண்டிய வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல் துறையின் பொதுமக்கள் சேவைத் தளத்தில் இவற்றைப் பார்க்கலாம். கைது செய்யப்பட்டவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவை காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று புதிய சட்டத்தின் 37-ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டு ஆளைக் காணோம் என்று அலைகிறவர்களுக்கு இது பயன்படும்.

அமெரிக்காவில் பல மாவட்டங்களில் நிலுவை வாரண்டுகளின் பட்டியலையே ஷெரீப் அலுவலகங்கள் வெளியிட்டு, பெயர் போட்டுத் தேட வைத்திருக்கின்றன. நம் நாட்டில் வாரண்டுக்கென்று அப்படி ஒரு பொதுப் பட்டியல் இல்லை. வழக்கைத் தேடி, அதற்குள் வாரண்டைப் பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றால், குற்றவாளியைப் பிடிப்பதற்கு இடையூறாகும் தகவலை மறுக்க அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே கோர்ட் பதிவே நமக்கு நேர்வழி.

சோதனை வாரண்டு தெரியவராது

பிடிவாரண்டைப் பதிவில் காணலாம். சோதனை வாரண்டை முன்கூட்டிக் காண முடியாது. முன்னால் தெரிந்துவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை. ஆகவே, "உங்கள் கடைக்கு ரெய்டு வாரண்டு போட்டிருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் நிறுத்திவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், அவரைத் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடலாம்.

சோதனை நடக்கும்போது நமக்குள்ள உரிமைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வதே இதில் செய்யக்கூடியது. வாரண்டைக் காட்டினால் கதவைத் திறந்துவிட வேண்டும். தடுப்பது நமக்கே கெடுதல். அப்பகுதியைச் சேர்ந்த சுதந்திரமான, மதிப்புள்ள இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். கடைக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்கலாம். எடுத்துச் செல்லும் பொருட்களுக்குப் பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் கடைக்காரருக்குத் தரப்பட வேண்டும். இவை 103-ஆம் பிரிவில் உள்ளவை. 2024-க்குப் பின் வந்த புது ஏற்பாடு, போலீஸ் சோதனையும் பட்டியல் எழுதுவதும் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற 105-ஆம் பிரிவு. கைப்பேசியில் எடுத்தாலும் போதும். அந்தப் பதிவு தாமதமின்றி மாஜிஸ்டிரேட்டுக்குப் போக வேண்டும்.

பக்கத்துக் கடையில் சோதனை நடக்கும்போது நம்மைச் சாட்சிக்கு எழுத்து மூலம் அழைத்தால், தகுந்த காரணமின்றி மறுப்பதும் குற்றமாகும். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட வேண்டாம். பார்த்ததற்குப் போடத் தயங்கவும் வேண்டாம்.

எல்லாச் சோதனைக்கும் கோர்ட் வாரண்டு தேவையில்லை என்பதையும் மறக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி கடைக்குள் வந்து பார்வையிடலாம், மாதிரி எடுக்கலாம். எடுத்த மாதிரிக்கு விலை கொடுக்க வேண்டும். மாதிரி நான்கு பாகமாகப் பிரிக்கப்படும். நாம் கேட்டுக்கொண்டால் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தகுந்த காரணமின்றித் தொல்லை கொடுக்கும் நோக்கில் பறிமுதல் செய்த அலுவலருக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க 39-ஆம் பிரிவு வகை செய்கிறது. தராசு, எடைக்கல், பொட்டலச் சரக்குகளைப் பார்க்க வரும் தொழிலாளர் துறை அலுவலருக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. ஜி.எஸ்.டி. சோதனைக்கு இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகக் கடிதங்களில் 2019 நவம்பர் 8 முதல் ஆவண அடையாள எண் என்ற முறை வந்திருக்கிறது. அந்த எண்ணை அத்துறையின் வலைத்தளத்தில் போட்டால் கடிதம் உண்மையா போலியா என்பது தெரிந்துவிடும்.

வாட்சப்பில் வரும் வாரண்டு

இந்த நாளில் பெரிய ஆபத்து உண்மையான வாரண்டு அல்ல, போலி வாரண்டு. சி.பி.ஐ. என்றும் சுங்கத் துறை என்றும் சொல்லிக்கொண்டு, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வீடியோ அழைப்பில் வருவார். அசோகச் சின்னமும் சிவப்பு முத்திரையும் போட்ட "அரெஸ்ட் வாரண்டு" கைப்பேசிக்கு வரும். "டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் பேசாதே, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று" என்பார்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே இதை நாட்டு மக்களுக்கு எச்சரித்தார். கைது வாரண்டை ஓர் ஆள் நேரில் வந்துதான் நிறைவேற்ற வேண்டும். எந்தக் கோர்ட்டும் எந்தக் காவல் நிலையமும் வாரண்டுக்குப் பதிலாகக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. இப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். பணம் போய்விட்டிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

தேடத் தெரிந்தவருக்கு இந்த மிரட்டல் பலிக்காது. வழக்கு எண் எது, எந்தக் கோர்ட் என்று கேட்டு, அதை ஈகோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்த்தாலே சாயம் வெளுத்துவிடும்.

வாரண்டு இருப்பது தெரிந்தால்?

ஓடி ஒளிவது தவறு. கிடைக்காமலே இருந்தால் கோர்ட் பிரகடனம் செய்து, குறைந்தது முப்பது நாள் கழித்து ஆஜராகச் சொல்லும். அதற்குமேல் சொத்தை ஜப்தி செய்யவும் சட்டம் இடம் தருகிறது. செய்ய வேண்டியது, வக்கீல் மூலம் வாரண்டைத் திரும்பப் பெறக் கோரி மனுப் போட்டு, தானே நேரில் ஆஜராவது. முகவரி மாறியதால் சம்மன் வரவில்லை என்பதற்குப் பழைய வாடகைச் சீட்டு, புதிய கடை உரிமம், ஜி.எஸ்.டி. சான்றிதழ் ஆகியவற்றைக் காட்டுங்கள். தானாக வந்து நிற்பவரையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் எந்த நீதிபதியும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை.

அதற்குள் காவலர் வந்துவிட்டால் வாரண்டைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். சாராம்சத்தைச் சொல்லவும், கேட்டால் காட்டவும் அவர் கடமைப்பட்டவர். கைது செய்த செய்தியை நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். வழிப்பயணம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். வாரண்டு வெளி மாவட்டத்துக் கோர்ட்டினுடையதாக இருந்து, அந்தக் கோர்ட் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், உள்ளூர் மாஜிஸ்டிரேட் முன் கொண்டுபோக வேண்டும். குற்றம் ஜாமீனில் விடத்தக்கதாக இருந்தால் அவரே ஜாமீன் பெற்றுக்கொண்டு, பத்திரத்தை அந்தக் கோர்ட்டுக்கு அனுப்ப 83-ஆம் பிரிவு வழி செய்கிறது. செக் வழக்கு அந்த வகையைச் சேர்ந்தது. நம் அண்ணாச்சி அன்றிரவு வீட்டுக்கு வந்தது இந்த வழியில்தான். இது தெரியாமல் இரவோடு இரவாக வெளியூருக்கு அழைத்துப் போகப்பட்டுத் திண்டாடியவர்களும் உண்டு.

வாரண்டு ரத்தானதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மும்பையில் ஒரு வழக்கறிஞர் மீது போடப்பட்ட வாரண்டு ரத்தான பிறகும் 2002-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அவர் கைது செய்யப்பட்டார். ரகுவம்ஷ் தேவன்சந்த் பாசின் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற அந்த வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டுப் படிவங்கள் அச்சிடப்பட்டு வரிசை எண் இடப்பட வேண்டும், நீதிபதியின் பெயரும் தெளிவான கையெழுத்தும் இருக்க வேண்டும், பிறப்பித்ததற்கும் ரத்து செய்ததற்கும் பதிவேடு வேண்டும் என்றெல்லாம் நெறிமுறை வகுத்தது. நமக்குப் பாடம் இது: ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கி, இன்னொன்றைக் கல்லாவில் வைத்திருக்க வேண்டும்.

சிவில் கோர்ட் கடன் தீர்ப்பிலும் கைது உண்டு என்பதைச் சிலர் அறியார். பணம் கட்டும் வசதி இருந்தும் கட்டாதவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், வசதியற்ற ஏழையை அனுப்பக் கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யச் சட்டமே தடை விதிக்கிறது. சிவில் வழக்குகளும் அதே ஈகோர்ட்ஸ் தளத்தில் தெரியும். தேடும்போது இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

வருமுன் காக்க

உத்தரவாதச் செக் கொடுத்தால், கொடுத்த நாள், எண், யாருக்கு, எதற்கு என்று தனி நோட்டில் எழுதுங்கள். கணக்குத் தீர்ந்த அன்றே செக்கைத் திருப்பி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பாக்கி தீர்ந்துவிட்டது, செக்கைத் திருப்பி அனுப்புக என்று விரைவுத் தபாலில் எழுதி, வங்கிக்கும் தெரியப்படுத்துங்கள். பணமாகக் கொடுப்பதைக் குறைத்து, கணக்கு வழியாகச் செலுத்துங்கள். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். கடை மாறினால் வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் போலவே சரக்குக் கொடுத்தவர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். பழைய முகவரித் தபால்களைப் புது முகவரிக்கு அனுப்பும்படி அஞ்சலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் சமரசமாக முடிக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிப்பவை ஏராளம். வக்கீல் வைக்க வசதியில்லாத சிறு வியாபாரிகளும் பெண்களும் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

அண்ணாச்சியின் வழக்கு இன்னும் முடியவில்லை. தவணை கட்டிய ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்ததால் தைரியமாக இருக்கிறார். "பணம் கட்டினதுக்கு ரசீது வச்சிருந்தேன், செக்குக்குக் கணக்கு வைக்கலையே" என்பதுதான் அவர் வருத்தம். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஸ்டாக் எடுக்கும் நாளன்று, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து ஊர்க் கோர்ட்டிலும் தம் பெயரைத் தேடச் சொல்கிறார். "ஒன்றும் இல்லை தாத்தா" என்று அவள் சொன்ன பிறகுதான் சரக்கு எண்ணத் தொடங்குகிறார்.

ஸ்டாக் எடுக்கும் நாள் நம் எல்லோருக்கும் உண்டு. ஜாடியைத் தட்டிப் பார்ப்பதுபோல் அன்றைக்கு நம் பெயரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடுவோம். கீறல் இல்லையென்றால் நிம்மதி. இருந்தால், உடைவதற்கு முன் தெரிந்துகொண்டோம் என்ற நிம்மதி.